மோதிர விரல்

ஜனவரி 12

அன்புள்ள வாலு,

உறை மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிப்பதா வேண்டாமா என்று யோசித்திருப்பாய். பிரித்துவிட்டாய் அல்லவா, அது போதும். இரண்டு வருடமாக அம்மாதான் நம் இருவருக்கும் தபால்காரி. "அவ நல்லா இருக்காளாம், உன்னையும் நல்லா இருக்கச் சொன்னா" என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்திருக்கும். நாம் சொல்லாததையும் சேர்த்துத்தான் சொன்னாள் என்று எனக்குத் தெரியும்.

இங்கே ஒத்திகை அறை மாறவில்லை. கீழே டயர் கடை, மேலே நாங்கள். ஒரு மெல்லிய இடத்தை இழைத்து இழைத்துக் கொண்டுவரும்போது சரியாகக் கீழே காற்றடிக்கும் இயந்திரம் "புஸ்" என்று விமர்சனம் எழுதும். தலைவர் செல்லோவைச் சுவரில் சாய்த்துவிட்டு ஜன்னலில் தலையை நீட்டிக் கத்துவார். உன் இடத்துக்கு இரண்டாம் வயலினாக வந்தவரை நீ பார்த்ததில்லை. நிதானம் என்று கூப்பிடுகிறோம். தேநீரைக்கூட ஆறவிட்டு, ஆடை படிந்த பிறகுதான் குடிப்பார்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆவணக் காப்பகத்தில் ஒரு கட்டு கிடைத்தது. பழைய நில வரைபடங்களோடு தவறுதலாகக் கட்டிவைத்திருந்தார்கள். இருநூறு வருடத்துக்குக் குறையாது. இரண்டு வயலினுக்கும் ஒரு செல்லோவுக்குமாகப் பன்னிரண்டு உருப்படிகள். இயற்றியவர் பெயர் இல்லை. யாரோ ஒருவன் உட்கார்ந்து நகல் எடுத்திருக்கிறான், அவ்வளவுதான் தெரியும். அவன் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கிறது. தினமும் காலையில் காப்பக அம்மா "கையைக் காட்டுங்க" என்று சுத்தம் பார்த்துத்தான் கட்டைத் தருகிறாள். பென்சிலைத் தவிர எதையும் உள்ளே விடுவதில்லை.

என் வயலின் பாகத்தில் அங்கங்கே ஸ்வரங்களுக்கு மேல் கொக்கி போல ஒரு குறி. நான் அலங்காரம் என்கிறேன். தலைவர் வில்லைத் திருப்பும் இடம் என்கிறார். நிதானம் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. பழைய கையெழுத்து படிப்பதில் உன் கண்ணுக்கு ஈடு கிடையாது. ஏழாம் உருப்படியை அப்படியே வரைந்து அனுப்பியிருக்கிறேன். பார்த்துச் சொல்வாயா?

ஏப்ரலில் ஒலிப்பதிவு. குளிருக்கு விரல் கொஞ்சம் மக்கர் பண்ணுகிறது. மற்றபடி சுகம்.

உன் அக்கா

---

ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு வருடம் கழித்து நீ என்னைத் தேடியது எவனோ ஒருவனுடைய கையெழுத்து புரியாததால்தான் என்று தெரிந்ததில் மிக்க மகிழ்ச்சி.

என்னை வாலு என்று எழுதாதே. அந்தப் பட்டம் இப்போது என் மகளுக்குப் போய்விட்டது. முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரித்தால் வாசல் திறந்துபோட்ட வீடு மாதிரி இருக்கிறாள். கடிதத்தைப் பிடுங்கி "பெரியம்மா என்னைத்தான் கூப்பிட்டிருக்காங்க" என்று குதித்தாள். அதனால் உன் கடிதத்தை நான் படிப்பதற்குள் அதில் சாம்பார் தவிர எல்லாக் கறையும் ஆகிவிட்டது.

நான் பள்ளியில் முப்பது பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். முப்பது பேர் ஒரே ஸ்வரத்தை முப்பது விதமாக வாசிப்பதைக் கேட்டால் உங்கள் டயர் கடையே தேவலை என்பாய். விடியற்காலையில் எனக்காக ஒரு மணி நேரம் வாசிக்கிறேன், தாளம் தட்டும் மெட்ரோனோமை வைத்துக்கொண்டு. "அந்த டிக் டிக்கை நிறுத்தேன், மாமியார் வீட்டுக் கடிகாரம் மாதிரி இருக்கு" என்கிறார் இவர். நிறுத்த முடியாது. நான் ஓடுகிறேன், தாளத்தைப் பிடித்து நிறுத்தத் தெரியவில்லை என்று தலைவரிடம் நீதானே சொன்னாய்? அதற்காகத்தானே அனுப்பினார்கள்? ஓடுகிற குதிரைக்குக் கடிவாளம் போட்டுப் பழக்கிக்கொண்டிருக்கிறேன்.

உன் கொக்கி இசையே இல்லை. இரண்டு குறிகளுக்கு நடுவில் எத்தனை தாளக் கட்டம் என்று எண்ணிப் பார். முப்பது முப்பதாக வரும். நகல் எடுத்தவன் எதையும் விட்டுவிடக் கூடாதே என்று எண்ணி எண்ணிப் போட்டுக்கொண்ட அடையாளம் அது. பயந்த ஆள் போலிருக்கிறது.

ஆனால் மூன்றாவது கொக்கிக்கு முன்னால் மட்டும் நீ வரைந்ததில் இருபத்தொன்பதுதான் இருக்கிறது. விட்டது நீயா, அவனா?

இப்படிக்கு,
தங்கை

---

பிப்ரவரி 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

விட்டது அவன்தான். அசலைத் திரும்பப் பார்த்தேன். ஒரு கட்டம் காணோம். இரண்டு மாதமாக ஏழாம் உருப்படியின் முடிவில் நான் மட்டும் முன்னால் போய் நின்றுகொண்டிருந்தேன், மற்ற இருவரும் பின்னால் வந்து முட்டிக்கொண்டிருந்தார்கள். எண்ணி எண்ணி எழுதியவனும் ஒன்றைக் கோட்டைவிட்டிருக்கிறான், பாவம். தலைவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "இதைப் படிச்சது யாரு?" என்றார். உன் பெயரைச் சொன்னேன். சரியாக இருந்த செல்லோ கம்பியை மறுபடி முறுக்க ஆரம்பித்தார்.

இனி எழுதப்போவதைப் போனில் சொல்லியிருக்க வேண்டும். போனில் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். இதைப் பள்ளியில் வைத்துப் படி.

இடது கை மோதிர விரல். வயலினைத் தோளில் வைத்து, அந்த விரலைக் கம்பியில் ஊன்ற வேண்டிய கணத்தில் அது உள்ளங்கைக்குள் சுருண்டுகொள்கிறது. தொட்டாற்சுருங்கி மாதிரி. நான் சுருட்டவில்லை. தானாகவே சுருள்கிறது. வலி இல்லை, எரிச்சல் இல்லை. வயலினைக் கீழே வைத்த நிமிடம் நல்ல பிள்ளையாகிவிடுகிறது. ஊசியில் நூல் கோர்க்கிறது, வெங்காயம் நறுக்குகிறது.

டாக்டரிடம் போனேன்.

"வலிக்குதா?"

"இல்ல டாக்டர்."

"மரத்துப்போகுதா?"

"இல்ல."

"பொத்தான் போட முடியுதா?"

"போட முடியுது."

"அப்புறம் என்னம்மா? நல்லாத் தூங்குங்க. கொஞ்சம் ஓய்வு எடுங்க."

வலித்தாலாவது நம்புவார்கள். இரண்டு வாரம் வயலினைத் தொடவில்லை. மூன்றாம் வாரம் எடுத்தேன். நான்கு ஸ்வரம் நன்றாகப் போனது. ஐந்தாவதில் சுருண்டது. பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டு, மூடிய பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன், உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும் என்பது போல.

மற்ற விரல்களை வைத்துச் சமாளிக்கிறேன். எந்த ஸ்வரத்துக்கு எந்த விரல் என்று காட்டும் விரல் எண்களை எல்லா இடத்திலும் அழித்து மாற்றி எழுதிவிட்டேன். ஒன்பது உருப்படிகளை ஒப்பேற்றிவிடலாம். மூன்று, ஏழு, பதினொன்று முடியாது. அதில் வரும் ஓட்டங்களை மூன்று விரலால் வாசிக்க முடியாது.

காலையில் பெட்டியின் கொக்கியை நெம்பிவிட்டு, மறுபடி மூடிவிடுகிறேன். காப்பகத்தில் "கையைக் காட்டுங்க" என்று அந்த அம்மா சொல்லும்போது கண்டுபிடித்துவிடுவாளோ என்று வலது கையை முதலில் நீட்டுகிறேன். அழுக்கைத்தான் பார்க்கிறாள், எனக்குத் தெரியும். நான் பயப்படுவது அந்த விரலுக்குக் கேட்கிறது என்று நினைக்கிறேன். பயந்தால் உடனே சுருள்கிறது. பயப்படாமல் இருக்கப் பார்த்தால், இவள் ஏன் பயப்படாமல் இருக்கப் பார்க்கிறாள் என்று அதற்கு இன்னும் சந்தேகம்.

ஏப்ரல் ஏழாம் தேதி ஒலிப்பதிவு. ஐம்பத்தேழு நாள். கிழமை, மணி எல்லாம் எண்ணி வைத்திருக்கிறேன். இந்த நகல்காரனைவிட நான் மோசம்.

உன் அக்கா

---

பிப்ரவரி 16

அக்கா,

வகுப்பில் வைத்துப் படித்தேன். பிள்ளைகள் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது ரொம்ப நேரம் எனக்குத் தெரியவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். படித்து முடித்ததும் நான் முதலில் செய்தது, என் வயலினை எடுத்து என் மோதிர விரல் சரியாக இருக்கிறதா என்று பார்த்ததுதான். நல்லபடியாக இருந்தது. அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவுக்காக இன்னும் கூசிக்கொண்டிருக்கிறேன்.

வேறு டாக்டரைப் பார். நரம்புக்கென்று தனியாகப் பார்க்கிறவரை. தலைவரிடம் சொல்லிவிடு. ஊரை ஏமாற்றலாம், உடம்பை ஏமாற்ற முடியுமா? அவர் கத்துவார். ஜன்னலைத் திறந்து கத்துகிறவருக்கு அடிமனதில் ஒன்றும் இருக்காது. ஒழுங்காகச் சாப்பிடு. நீ கவலை வந்தால் முதலில் சாப்பாட்டைத்தான் நிறுத்துவாய்.

காணாமல் போன கட்டத்துக்கு ஒன்று எழுதிப் பார்த்தேன். அதே மாதிரி இடம் இதே உருப்படியின் தொடக்கத்திலும் வருமே, அதன் சாயலில். கீழே இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் கிழித்துப் போடு.

நான் யாரிடமும் சொல்லவில்லை.

தங்கை

---

மார்ச் 2

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கட்டத்தை வாசித்துப் பார்த்தோம். முதல் தடவையிலேயே மூன்று பேரும் ஒரே இடத்தில் போய் நின்றோம். நிதானம்கூடச் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

தலைவருக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை மூன்றாம் உருப்படியில் விரல் சுருண்டு வில் கம்பியைக் கீறிக்கொண்டு போய்விட்டது. எல்லோரும் நிறுத்தினார்கள். கீழே டயர் கடையில்கூட அன்று சத்தமே இல்லை. "கையைக் காட்டு" என்றார். காட்டினேன். ஆடாமல் அசையாமல் இருந்தது. "எவ்வளவு நாளா?" என்றார். சொன்னேன்.

கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இசைத்தட்டு கம்பெனி என் பெயரை நம்பித்தான் ஒப்புக்கொண்டிருக்கிறதாம். ஆள் மாறினால் கைவிட்டுவிடுவார்களாம். பிறகு, "உன் தங்கச்சி வில்லும் உன் வில்லும் ஒண்ணுதானே? ஒரே வாத்தியார். ரெண்டு நாள் வந்து அந்த மூணை மட்டும் வாசிச்சுட்டுப் போகட்டும். டேப்புக்கு முகம் கிடையாது" என்றார். ஒலிப்பதிவுக்காரரிடமும் பேசிவிட்டார். அவரைக் காது என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். வேறு யாருக்கும் தெரியாது. அட்டையில் என் பெயர்தான் இருக்கும்.

எந்த முகத்தை வைத்துக்கொண்டு உன்னிடம் கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. நீ மாட்டேன் என்றால் நியாயம். இரண்டு நாளாக இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்தேன். கடைசியில், கேட்காமல் இருக்க எனக்குத் தைரியம் போதவில்லை.

அக்கா

---

மார்ச் 11

அக்கா,

வருகிறேன்.

பள்ளியில் நான்கு நாள் லீவு சொல்லிவிட்டேன். அம்மா குழந்தையைப் பார்த்துக்கொள்வாள். உனக்கு உடம்புக்கு முடியவில்லை, துணைக்குப் போகிறேன் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. உன் வீட்டில் தங்கமாட்டேன். பக்கத்தில் லாட்ஜ் பார்த்து வை. ஆறாம் தேதி பகல் ரயிலில் வருவேன்.

இரண்டு விஷயம். நான் வாசிக்கும்போது நீ அதே அறையில், என் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும். வெளியே நின்றுகொண்டு ஜன்னல் வழியாகப் பார்க்கிற வேலை வேண்டாம்.

இன்னொன்று, ஒரு கேள்வி. இரண்டு வருடமாக அந்த டிக் டிக்குக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கிறேன். பிள்ளைகள் யாராவது தாளத்தில் ஓடினால் உடனே கைதட்டி எல்லோரையும் நிறுத்திவிடுகிறேன். நான் உண்மையிலேயே ஓடினேனா? நான் கிளம்புவதற்கு முன்னால் இதற்குப் பதில் எழுது.

தங்கை

---

மார்ச் 18

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ வருகிறாய் என்றதும் அன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

லாட்ஜ் பார்த்துவிட்டேன். ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து நடக்கிற தூரம், மாடியில் காற்றோட்டமான அறை. ரயில் இரண்டே முக்காலுக்கு வரும். பெரும்பாலும் அரை மணி தாமதம். கூடத்தில் குளிராக இருக்கும், ஸ்வெட்டர் எடுத்துவா. மூன்றாம் உருப்படியையும் பதினொன்றாம் உருப்படியையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பதினொன்றின் இரண்டாம் பக்கத்தில் வேகம் குறையும் இடத்தைத் தலைவர் இன்னும் முடிவு செய்யவில்லை. உன் இஷ்டம் போல வாசி.

நேரில் பேசுவோம்.

உன் அக்கா

---

ஏப்ரல் 13

அக்கா,

நேரில் பேசவில்லை. நீ ரயிலடிக்கு வந்தாய், பெட்டியை வாங்கிக்கொண்டாய், சாப்பிட்டாயா என்று கேட்டாய். மூன்று நாளும் நூறு முறை சாப்பிட்டாயா என்று கேட்டாய். நான் கேட்டதற்கு மட்டும் பதில் வரவில்லை.

அதனால் நானே கண்டுபிடித்துவிட்டேன். எப்படி என்று சொல்கிறேன்.

முதல் நாள் மூன்றாம் உருப்படி. நான்காவது தடவை எடுத்துக்கொண்டிருந்தோம். நீ எதிரில் உட்கார்ந்திருந்தாய். நிமிர்ந்து பார்த்தேன். உன் இடது கை மடியில் இருந்தது. உன் விரல்கள் புடவை மேல் என்னோடு கூடவே வாசித்துக்கொண்டிருந்தன. நான்கும். மோதிர விரலும் சேர்த்து. ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல், எனக்குச் சமமாக, எனக்கு முன்னால்கூட. நீ அதைக் கவனிக்கவே இல்லை. என் வில் நின்றுவிடும் போல் ஆகிவிட்டது. வயலின் இல்லாவிட்டால் அந்த விரலுக்கு எல்லாம் தெரியும். எனக்கு அழக்கூட முடியவில்லை, சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

முடிந்ததும் காது கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னாரே, உனக்கும் கேட்டிருக்கும். "தாளத்துல இவ்வளவு கறாரா ஒரு ஆளை நான் பார்த்ததில்லம்மா. டேப்பை வெட்டி ஒட்ட பிளேடே வேண்டாம்." நான் பார்த்தது உன் முகத்தை. நீ கீழே பார்த்தாய்.

இரண்டாம் நாள் இடைவேளையில் நிதானம் தேநீரை ஆறவிட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெள்ளை மனசுக்காரர். "உங்களோட வாசிக்கிறது வேற மாதிரி இருக்கு. அக்காவோட வாசிக்கிறப்ப நான் ஒரு மயிரிழை பின்னாடியே வருவேன். சேர்ந்த அன்னிக்கே சொல்லிட்டாங்க, எனக்கு முன்னாடி போகாதீங்க, காத்திருந்து வாங்கன்னு" என்றார்.

நான் தேநீரைக் கீழே வைத்துவிட்டேன்.

அவர் சேர்ந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால். உன் விரல் இந்தக் குளிரில் ஆரம்பித்ததாக எழுதியிருந்தாய்.

எனக்குப் பதில் தெரியும். ஆனால் அது உன் கையெழுத்தில் வேண்டும்.

தங்கை

---

ஏப்ரல் 20

என் தங்கைக்கு,

நீ ஓடவில்லை.

நீ ஒரு நாளும் ஓடியதில்லை. நான்தான் பின்தங்கினேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் மழைக்கால சுற்றுப்பயணத்தில் ஆரம்பித்தது. அப்போது சுருளவில்லை. கம்பியில் ஊன்றுவதற்கு முன்னால் அந்த விரல் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு தயங்கும். வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் பக்கத்தில் நீ இருந்தாய். நீ சரியான நேரத்தில் வந்து நிற்பாய். நான் வராதது அதனால் தெரிந்தது. ஒவ்வொரு கச்சேரியிலும் தலைவர் தலையைத் தூக்கிப் பார்ப்பார், யார் சரி, யார் தப்பு என்று. ஒரு நாள் என்னிடம் கேட்டார். "ரெண்டு பேரும் ஒட்டலையே, யாரு?" என்றார். அந்தக் கேள்வி வரும் வரும் என்று மாதக்கணக்காக நடுங்கிக்கொண்டிருந்தேன். வந்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது. "அவ ஓடுறா."

இரண்டே சொல். அவர் நம்பினார். நான் மூத்தவள், நான் பொய் சொல்வேன் என்று அவர் எதற்கு நினைக்க வேண்டும்? உன்னை அனுப்பிவிட்டு அவர் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, வந்த ஐந்து பேரில் நிதானமாக வாசிக்கிறவரை எடுத்தேன். அவர் எனக்காகக் காத்திருப்பார் என்று.

நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு டயர் கடை வழியாகப் போனதை மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன். ஓடிவந்து சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. சொன்னால் நாளை எனக்கு என்ன வேலை, நான் யார் என்று இருந்தது. வயலினை எடுத்துவிட்டால் என்னில் மிச்சம் என்ன? எனக்கு வேறு ஒன்றும் தெரியாது. உனக்கு வீடு இருந்தது, அவர் இருந்தார், குழந்தை... இல்லை, சமாதானம் தேட மாட்டேன். பயந்தேன். பயத்தில் உன்னைப் பிடித்துத் தள்ளிவிட்டு நான் நின்றுகொண்டேன்.

அதன் பிறகு உன்னையே கூப்பிட்டு, பெயரில்லாமல் வாசித்துக்கொடு என்று கேட்டேன். நீயும் வந்தாய்.

செப்டம்பரில் இசைத்தட்டு வருகிறது. அக்டோபரில் பெரிய அரங்கில் இதே பன்னிரண்டையும் வாசிக்க வேண்டுமாம். மேடையில் எனக்கு முகம் இருக்குமே. அன்று என்ன செய்யப்போகிறேன் என்று தெரியவில்லை.

நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். ஏதாவது சொல்.

அக்கா

---

ஜூன் 5

என் தங்கைக்கு,

ஆறு வாரமாகத் தபால்காரர் என் வாசலைத் தாண்டிப் போகிறார். திட்டியாவது ஒரு வரி வருமென்று பார்த்தேன். அம்மாவிடம் கேட்டால் "வேலையா இருக்கா" என்கிறாள்.

நீ சொல்லாமலேயே செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு எழுதுகிறேன்.

போன மாதம் ஒத்திகைக்குப் போய், வயலினைத் திறக்காமல் உட்கார்ந்தேன். உனக்கு எழுதிய எல்லாவற்றையும் தலைவரிடமும் நிதானத்திடமும் சொன்னேன். இரண்டு வருடத்துக்கு முந்தைய பொய்யிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். நிதானம் எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றுகொண்டார். தலைவர் கத்தினார். இந்த முறை ஜன்னலைத் திறக்காமலேயே கத்தினார். "மூணு பேர் வாயிலயும் மண்ணைப் போட்டுட்டியே! அவ்வளவு நாளா ஒரு நல்ல வாசிப்புக்காரியை வீட்டுல உட்கார வெச்சிருக்கோமே!" என்றார். இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. உன்னை அனுப்பியது அவர்தானே.

அக்டோபரில் நான் மேடை ஏறப்போவதில்லை என்றேன். மூன்று, ஏழு, பதினொன்று உன் பெயரில்தான் வர வேண்டும், ஏழில் வரும் அந்தக் கட்டம் நீ எழுதியது என்பதும் அட்டையில் இருக்க வேண்டும் என்று கம்பெனிக்கு நானே எழுதினேன். முடியாது என்றார்கள். காது அங்கே போய், "பெயரை மாத்தாம டேப்பைத் தர மாட்டேன், பெட்டியில வெச்சுப் பூட்டிட்டேன்" என்று சொல்லிவிட்டாராம். முதலில் ரகசியத்துக்குத் தலையாட்டிய மனிதர். அவருக்கும் உறுத்தியிருக்கிறது போல. இப்போது இறங்கி வந்திருக்கிறார்கள். அட்டை புதிதாக அச்சாகிறது.

நரம்பு டாக்டர் என் விரலை வயலினோடு பார்த்தார். இதுவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. வாசிக்கச் சொல்லிவிட்டு, விரல் சுருண்டதும் தலையை ஆட்டினார். இப்படி ஒன்று உண்டு, உங்கள் கற்பனை இல்லை, ஆனால் திரும்பி வரும் என்று வாக்குத் தர மாட்டேன் என்றார்.

காப்பக அம்மா மேஜை ஒன்று கொடுத்திருக்கிறாள். அந்த வரைபடங்களுக்குள் இன்னொரு கட்டும் இருந்தது, அதில் இருபது உருப்படிகள். படித்து, நகல் எடுத்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பயம் போய்விட்டது என்று எழுத ஆசையாக இருக்கிறது. அது பொய். பயம் இடம் மாறியிருக்கிறது. முன்பு வயலின் பெட்டியைத் திறக்கும்போது வரும். இப்போது தெருமுனையில் தபால்காரர் சைக்கிள் தெரியும்போது வருகிறது.

நீ எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன். அந்த உரிமை எனக்கு இல்லை என்றால் அதையும் எழுதித் தெரிவி.

அக்கா

---

செப்டம்பர் 14

அக்கா,

இசைத்தட்டு வந்தது. அம்மா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அட்டையைப் படித்தாள். "ரெண்டு பேர் பேரும் இருக்கே, அச்சுப்பிழையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். நடந்ததைச் சொன்னேன். அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினாள். உனக்கு அவளிடமிருந்து தனியாகக் கடிதம் வரும். தயாராக இரு.

உன் ஏப்ரல் கடிதத்துக்குப் பதில் எழுத நான்கு முறை உட்கார்ந்தேன். மன்னித்துவிட்டேன் என்று எழுதிப் பார்த்தேன். பார்க்கவே பொய்யாக இருந்தது. இனி எழுதாதே என்று எழுதிப் பார்த்தேன். அதுவும் அப்படித்தான் இருந்தது. உன் மேல் உள்ள கோபமும் பாசமும் ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாமல் குடியிருக்கின்றன. யார் முதலில் காலி செய்வார்கள் என்று தெரியவில்லை. அதனால்தான் எழுதவில்லை. தண்டிப்பதற்காக இல்லை. கொஞ்சம் தண்டிப்பதற்காகவும்தான்.

தலைவர் எழுதியிருந்தார். மன்னிப்புக் கேட்டிருந்தார், அவருக்கே உரிய விதத்தில், மூன்று வரியில். அக்டோபர் கச்சேரியில் முதல் வயலின் நான் வாசிக்க வேண்டுமாம். பன்னிரண்டும்.

உன்னிடம்தான் இதைச் சொல்ல முடியும். எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. இரண்டு வருடமாக எனக்கு ஒரு வசதி இருந்தது. நான் ஓடுகிறவள், அதனால் வீட்டில் இருக்கிறேன், அதனால் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், அவ்வளவுதான் எனக்குக் கொடுப்பினை என்று நிம்மதியாகப் புலம்பிக்கொண்டிருந்தேன். நீ ஓடவில்லை என்ற இரண்டு சொல்லில் அதைப் பிடுங்கிக்கொண்டாய். இப்போது நான் சரியாக வாசிக்கிறவள் என்று அட்டையிலேயே போட்டுவிட்டார்கள். இனி எந்தச் சாக்கைச் சொல்லி நான் உட்கார்ந்திருப்பேன்? மேடையில் தப்பினால் அது முழுக்க என் தப்பு. நீ அந்தப் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தேன் என்று எழுதினாயே, அது எனக்கு இப்போதுதான் புரிகிறது. தினமும் காலையில் நானும் கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் திறக்கிறேன்.

வருகிறேன் என்று தலைவருக்கு எழுதிவிட்டேன். எழுதித் தபாலில் போட்ட பிறகுதான் வீட்டில் சொன்னேன், யாராவது தடுத்துவிடுவார்களோ என்று. இவர், "போயேன், டிக் டிக் இல்லாம நாங்களும் ஒரு வாரம் தூங்குவோம்" என்றார்.

கச்சேரிக்கு நீ வராதே. கோபத்தில் சொல்லவில்லை. நீ அரங்கில் இருப்பது தெரிந்தால் நான் உனக்குக் காட்டுவதற்காக வாசிப்பேன். இல்லாவிட்டால் உன்னைத் தோற்கடிப்பதற்காக வாசிப்பேன். அன்று ஒரு நாளாவது நான் இசையை மட்டும் பார்த்து வாசிக்க வேண்டும்.

ஆனால் தலைவர் அனுப்பிய முதல் வயலின் பாகம் முழுவதும் நீ விரல் எண்களை அழித்து, மாற்றி, மேலே மேலே எழுதி வைத்திருக்கிறாய். எது பழையது, எது நீ பயத்தில் எழுதியது என்று எனக்குத் தெரியவில்லை. இதைப் பிரித்துச் சொல்ல இந்த உலகத்தில் உன்னை விட்டால் ஆள் கிடையாது.

மூன்றாம் தேதி காலை பத்து மணிக்கு ஒத்திகை. வா.

தங்கை